ஷிராஸ்: மிளகு மணக்கும் சிவப்பு ஒயின்

காக்ஸ் டவுன், ஃபிரேசர் டவுன், கம்மனஹள்ளி பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் பிறந்தால் சின்னக் கண்ணாடிக் கோப்பையில் ஒயின் தருவார்கள். கறுப்புத் திராட்சையைச் சர்க்கரை, பட்டை, கிராம்போடு ஜாடியில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, வாரக்கணக்கில் ஊறவைத்து வடித்தது. கேக்கோடு சேர்த்துக் குடித்தால் தித்திப்பாக இறங்கும். பெங்களூர்த் தமிழர்களில் நிறையப் பேருக்கு ஒயின் என்றதும் நாக்கில் வந்து நிற்கும் ருசி அதுதான். அந்த நினைப்போடு ஒரு ஷிராஸ் பாட்டிலைத் திறந்து முதல் வாய் குடித்தால் திகைப்புதான் மிஞ்சும். இனிப்பு துளிகூட இல்லை, நாக்கு வறண்டு இழுக்கிறது, தொண்டையில் சூடு ஏறுகிறது. "கெட்டுப் போச்சா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள்.

கெடவில்லை. ஷிராஸ் அப்படித்தான் இருக்கும். சிவப்பு ஒயின்களிலேயே நிறமும் கனமும் கூடிய வகைகளில் இது ஒன்று. ஒயினை இனிமேல்தான் தெரிந்துகொள்ளப் போகிற தமிழருக்கு இதைவிடப் பொருத்தமான சிவப்பு ஒயின் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பெங்களூருக்குப் பக்கத்திலேயே, நந்தி மலையைச் சுற்றி இந்தத் திராட்சை விளைகிறது. அதைவிட முக்கியமாக, நல்ல ஷிராஸில் மிளகு மணக்கும். உவமைக்காகச் சொல்லவில்லை. மிளகுக்கு அதன் மணத்தைத் தருகிற அதே வேதிப்பொருள் இந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. மிளகு தெரிந்தவருக்கு இந்த ஒயினில் பாதி தெரிந்த மாதிரி.

முதலில் திராட்சையைப் பார்ப்போம். வீட்டு ஒயினுக்குப் போடுவது பெரும்பாலும் பெங்களூர் ப்ளூ. சிக்கபள்ளாபுரா, கோலார், பெங்களூர் கிராமப்புற மாவட்டங்களில் விளையும், புவிசார் குறியீடு பெற்ற ரகம். தேனிப் பக்கத்துக்காரர்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை நினைவுக்கு வரும். அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. இரண்டுமே தின்னவும் சாறு பிழியவும் ஏற்றவை. ஷிராஸோ ஒயினுக்கென்றே வளர்க்கும் ரகம். பழம் சிறியது, நீள்வட்டம், கருநீலம். தோல் தடிமன், உள்ளே விதை உண்டு. வாயில் போட்டால் இனிப்பாகத்தான் இருக்கும், ஆனால் சதையைவிடத் தோலும் விதையும்தான் அதிகம் என்று தோன்றும். அந்தத் தோலுக்காகத்தான் இதை வளர்க்கிறார்கள்.

ஒரு ஷிராஸ் பழத்தைப் பிதுக்கிப் பாருங்கள். வெளியே வரும் சாறு ஏறக்குறைய நிறமற்றது. சிவப்பு முழுக்கத் தோலில் இருக்கிறது. அதனால் சிவப்பு ஒயின் செய்யும்போது பழத்தை நசுக்கித் தோல், விதை எல்லாவற்றோடும் தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வாயு கிளம்பும்போது தோலையெல்லாம் மேலே தள்ளிக்கொண்டு வரும். தொட்டியின் வாயில் அது கெட்டியான ஒரு பரப்பாக, ஓர் ஆள் தடியால் குத்தினாலும் சட்டென்று அமுங்காத அளவுக்குத் திரண்டு நிற்கும். அதை அப்படியே காயவிட்டால் காடி பிடித்துவிடும். ஆகவே தினமும் சில தடவை அதைக் குத்தி உள்ளே அமுக்குகிறார்கள், அல்லது அடியிலிருக்கும் சாற்றைக் குழாயில் ஏற்றி மேலே பாய்ச்சுகிறார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம், சில இடங்களில் அதற்கு மேலும் இது நடக்கும். சாறு கறுத்து, மை மாதிரி ஆகிற வரை தோலிலிருந்து நிறமும் மணமும் துவர்ப்பும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிட்டால் அது இனிப்பற்ற ஒயின். ஷிராஸ் கிட்டத்தட்ட எப்போதும் அப்படித்தான் தயாராகிறது. வெயில் அதிகமுள்ள ஊரில் பழத்தில் சர்க்கரை கூடும், சர்க்கரை கூடினால் ஆல்கஹாலும் கூடும். அதனால்தான் ஷிராஸ் பாட்டிலில் 13.5 முதல் 15 சதவீதம் வரை என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். வாயில் உணரும் கனத்துக்கு இந்த ஆல்கஹால் ஒரு காரணம். பீரைப் பழகியவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்: 150 மில்லி கோப்பை ஒன்றில் சுமார் 17 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கும். மெதுவாகக் குடிக்க வேண்டிய பானம் இது.

இனி, முதல் வாயில் பலரைத் துரத்திவிடும் அந்தத் துவர்ப்பு. நாவல்பழம் தின்றிருப்பீர்கள். கப்பன் பார்க்கில் ஜூன் மாதம் மரத்தடியில் விழுந்து கிடக்குமே, அதுதான். முதலில் தித்திக்கும், அப்புறம் நாக்கும் ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் சுருங்கி இழுக்கும், கடைசியில் நாக்கெல்லாம் ஊதா. ஷிராஸ் குடித்தபின் வாய்க்குள் நடப்பது ஏறக்குறைய அதே. தோலிலும் விதையிலும் இருந்து வந்த டேனின் என்ற பொருள் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. வாயை வழவழப்பாக வைத்திருப்பவை அந்தப் புரதங்கள். அவை விலகியதும் வறட்சி தெரிகிறது. கெட்டுப்போன ஒயினின் அறிகுறி வேறு: ஈர அட்டைப்பெட்டி மாதிரி மக்கிய வாடை, அல்லது காடி வாடை. துவர்ப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். சரியான சாப்பாடு பக்கத்தில் இருந்தால் அதே துவர்ப்புதான் அடுத்த வாய் கறிக்கு நாக்கைத் துடைத்துத் தயாராக வைக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கோப்பையில் கால்வாசிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்து, கோப்பையை அதன் மேல் சாய்த்துப் பாருங்கள். நடுவில் தாளின் வெண்மை தெரியாத அளவுக்கு அடர்த்தி. விளிம்பில் ஊதா இழையோடினால் இளம் ஒயின், செங்கல் நிறம் படர்ந்தால் வயதானது. பிறகு கோப்பையை மெல்லச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். முதலில் பழம் வரும்: நாவல், கறுப்புத் திராட்சை, சில பாட்டிலில் வேகவைத்த பழப்பாகு. அடுத்து மிளகு. அதற்குப் பின்னால் புகை, சாக்லேட், தோல்பை, வெனிலா என்று ஏதாவது ஒன்று. வெனிலாவும் தேங்காய் சாயலும் மரப் பீப்பாயில் இருந்து வருபவை. ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடக்கும்போது ஏறுகின்றன. எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடித்துவிட முடியாது, பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மிளகை மட்டும் தேடுங்கள்.

அந்த மிளகின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஷிராஸில் மிளகு வாசனை இருப்பதை ஒயின் குடிப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது எந்தப் பொருளால் வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. 2008-இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: ரொட்டண்டோன். மிளகிலும் அதே பொருள்தான் மணக்கிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். இந்தப் பெயர் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கோரைக்கிழங்கிலிருந்து வந்தது. குளியல் பொடியில் சேர்ப்பார்களே, அந்தக் கிழங்கின் தாவரப் பெயரில் 'ரொட்டண்டஸ்' உண்டு. அந்தப் பொருளை முதலில் அடையாளம் கண்டது அதன் எண்ணெயில்தான். மிளகும் கோரைக்கிழங்கும் ஒரே அஞ்சறைப்பெட்டியில் இருந்த பாட்டிகளுக்கு இந்த ஒயினின் வாசனையில் புதுசாக எதுவும் இருந்திருக்காது.

ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் ரொட்டண்டோன் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் 16 பங்கு. அவ்வளவு வீரியம். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஐந்தில் ஒருவருக்கு, அளவை எவ்வளவோ கூட்டிக் கொடுத்தும் இந்த வாசனை தெரியவே இல்லை. ஒரே மேசையில் ஒருவர் "மிளகு தூக்குது" என்பார், இன்னொருவர் "எங்கே, வெறும் பழம்தானே?" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. குளிர்ந்த இடத்தில், மெதுவாகப் பழுத்த திராட்சையில் ரொட்டண்டோன் கூடுதலாகச் சேரும். வெயில் கொளுத்தும் இடத்தில் குறையும், பழப்பாகும் சாக்லேட்டும் முன்னே வரும். ஷிராஸ் ஊருக்கு ஊர் மாறுவதன் சூட்சுமத்தில் பெரும்பங்கு இதில் அடங்கியிருக்கிறது.

பிறந்த இடமும் போன இடமும்

பெயரைக் கேட்டதும் ஈரானிலுள்ள ஷிராஸ் நகரம் நினைவுக்கு வரும். அங்கிருந்துதான் இந்தத் திராட்சை ஐரோப்பாவுக்குப் போனது என்று ஒரு கதை நெடுங்காலம் உலவியது. பிரான்ஸில் ரோன் நதிக்கரையில் தேன் என்ற ஊருக்கு மேலே எர்மிடாஜ் என்றொரு குன்று இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போரிலிருந்து திரும்பிய காஸ்பார் தெ ஸ்தேரிம்பேர் என்ற வீரர் அந்தக் குன்றில் துறவியாகத் தங்கினார், கூடவே பாரசீகத்துக் கொடியும் வந்தது என்பது கதை. குன்றின் மேலே சின்னக் கல்கோயில் இன்றும் நிற்கிறது. கதை அழகு, ஆனால் டி.என்.ஏ. வேறு சொல்கிறது. 1998-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கரோல் மெரெடித்தும், பிரான்ஸின் மோன்பெலியே ஆய்வாளர்களும் சேர்ந்து பார்த்ததில், இந்தத் திராட்சையின் தாய் தந்தை இரண்டும் தென்கிழக்கு பிரான்ஸின் பழைய ரகங்கள் என்று தெரிந்தது. தந்தை தூரேஸா என்ற கறுப்பு ரகம், தாய் மோந்தூஸ் பிளான்ஷ் என்ற வெள்ளை ரகம். இரண்டுமே இன்று பெரிதாக யாரும் பயிரிடாதவை. பிள்ளை மட்டும் உலகம் சுற்றிவிட்டது.

பிரான்ஸில் இதற்குப் பெயர் சிரா. வடக்கு ரோன் பகுதியில் எர்மிடாஜ், கோத் ரோத்தி, கோர்னாஸ் என்ற ஊர்ப் பெயர்களோடு விற்கப்படும் சிவப்பு ஒயின்கள் இதிலிருந்து வருபவை. லேபிளில் திராட்சையின் பெயர் பெரும்பாலும் இருக்காது, ஊர்ப் பெயர்தான் இருக்கும். எர்மிடாஜ் குன்றின் தோட்டம் மொத்தமே சுமார் 136 ஹெக்டேர். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், பிரான்ஸின் இன்னொரு பேர்பெற்ற ஒயின் வட்டாரமான போர்தோவின் ஒயின் வெளிறிப்போன ஆண்டுகளில் அதற்கு நிறமும் வலுவும் ஏற்ற இந்தக் குன்றின் ஒயினைக் கலப்பது வழக்கமாகவே இருந்தது. கோத் ரோத்தியில் இன்னொரு பழக்கம்: வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையைக் கொஞ்சம் சேர்த்தே நொதிக்கவைப்பார்கள். 20 சதவீதம் வரை சேர்க்கலாம் என்பது விதி, நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் சேர்ப்பார்கள். வெள்ளைத் திராட்சை சேர்ந்தால் சிவப்பு வெளிறும் என்று நினைப்போம், ஆனால் நிறம் இன்னும் நிலைத்து நிற்கும், பூவாசனையும் கூடும்.

ஆஸ்திரேலியாவுக்கு இதைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் பஸ்பி. 1831-இல் ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் சுற்றிக் கொடித் துண்டுகளைச் சேகரித்து சிட்னிக்கு அனுப்பினார். பிறகு ஜெர்மனியிலிருந்து குடியேறிய லூத்தரன் சபையார் தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் நட்டார்கள். 1860-களுக்குப் பிறகு ஐரோப்பியத் தோட்டங்களை ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அழித்தபோது தெற்கு ஆஸ்திரேலியா தப்பித்துக்கொண்டது. அதனால் 1840-களில் நட்ட கொடிகள் பரோசாவில் இன்னமும் காய்க்கின்றன. அடிமரம் முறுக்கேறிய பழைய கொடியில் காய் குறைவு, சாறு செறிவு.

அங்கே இந்தத் திராட்சைக்கு மதிப்பு வாங்கிக் கொடுத்ததில் மேக்ஸ் ஷூபர்ட்டுக்குப் பெரிய பங்குண்டு. பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் ஒயின் செய்தவர். 1950-இல் ஐரோப்பா போய், நீண்ட காலம் வைத்திருந்து குடிக்கும் போர்தோ ஒயின்களைக் கண்டு வந்தார். அப்படி ஒன்றை ஷிராஸில் செய்ய வேண்டும் என்று 1951-இல் கிரேஞ்ச் என்ற ஒயினைத் தொடங்கினார். ருசி பார்த்த பெரியவர்கள் பலருக்கும் பிடிக்கவில்லை. 1957-இல் இதை நிறுத்து என்று மேலிடம் உத்தரவு போட்டது. அவர் நிறுத்தவில்லை. மூன்று ஆண்டுகள் மறைவாகவே செய்து பாதாள அறையில் ஒளித்து வைத்தார். முதலில் போட்ட பாட்டில்கள் அதற்குள் முதிர்ந்து, துவர்ப்பு அடங்கி, ருசி திறந்துகொண்டது. 1960-இல் மேலிடமே மீண்டும் செய்யச் சொன்னது. கனமான ஷிராஸுக்குப் பொறுமை தேவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பெட்டீ சிரா என்று எழுதிய பாட்டிலைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். அது இதன் பிள்ளை, வேறு ரகம்.

நந்தி மலையடிவாரம்

மும்பைத் தொழிலதிபர் கன்வல் க்ரோவர் பிரெஞ்சுத் திராட்சை ரகங்களைப் பல இடங்களில் நட்டுப் பார்த்து, கடைசியில் தொட்டபள்ளாபுரா பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். நிறுவனம் 1988-இல் தொடங்கியது. 1990-களின் நடுவிலிருந்து போர்தோவின் புகழ்பெற்ற நிபுணர் மிஷேல் ரோலான் ஆலோசனை சொன்னார். அவர்களுடைய 'லா ரிசர்வ்', காபெர்னே சொவின்யோன் என்ற இன்னொரு கறுப்புத் திராட்சையும் ஷிராஸும் கலந்தது. இந்தியச் சிவப்பு ஒயின்களில் நெடுநாளாகப் பேர் வாங்கியது. மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் 2000-இல் முதல் ஒயினை வெளியிட்ட சூலா நிறுவனத்தின் 'டிண்டோரி ரிசர்வ்' ஷிராஸ் அங்கே இந்த ரகத்துக்கு முகவரி தந்தது. கர்நாடகத்திலேயே ஹம்பிப் பக்கமும் இப்போது தோட்டங்கள் உண்டு.

வெப்ப நாட்டில் கனமான சிவப்பு ஒயின் எப்படி என்ற சந்தேகம் நியாயமானது. ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். இங்கே தூக்கமே இல்லை, ஆண்டு முழுக்கத் துளிர்க்கும். அதனால் இரண்டு கவாத்து செய்கிறார்கள். ஏப்ரல் வாக்கில் ஒன்று, கொடி வலுப்பெறுவதற்கு. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, காய்ப்பதற்கு. கொடி காய்ப்பது குளிர் மாதங்களில், அறுவடை சனவரியிலிருந்து மார்ச் வரை. பிரான்ஸில் திராட்சை பறிப்பது செப்டம்பரில், கோடைக்குப் பின். நம் ஊரில் பொங்கலுக்குப் பின். பகலில் நல்ல வெயில், இரவில் பெங்களூர்ப் பீடபூமியின் குளிர். பகல் வெயிலில் சர்க்கரை ஏறுகிறது, இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது. பிப்ரவரியில் அந்தப் பக்கம் போனால் கம்பி வரிசைகளில் குலைகள் கறுத்துத் தொங்குவதையும், அடியில் சொட்டுநீர்க் குழாய் ஓடுவதையும் பார்க்கலாம். தோட்டத்தைச் சுற்றிக் காட்டி ருசி பார்க்கத் தரும் ஒயினகங்கள் அங்கே உண்டு, முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. வண்டி ஓட்டுபவர் ருசி பார்க்கக் கூடாது. அதற்கென்று ஓர் ஆளை வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இந்திய ஷிராஸில் பழம் முன்னால் நிற்கும், துவர்ப்பு மிதம், சிலவற்றில் பச்சைக் குடைமிளகாய் சாயலும் புகைச் சாயலும் இருக்கும். பரோசாவின் அடர்த்தி இதில் வராது, எர்மிடாஜின் ஆழமும் வராது. கற்றுக்கொள்பவருக்கு அந்த மிதம் நல்லது என்றுதான் சொல்வேன். விலையும் கைக்கு அடங்கும். வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியா நெடுங்காலமாக 150 சதவீதச் சுங்கவரி போட்டுவந்தது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய ஆஸ்திரேலிய வணிக ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலிய ஒயினின் வரி விலைக்கேற்பப் படிப்படியாகக் குறையும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அதே காசுக்கு இங்கே விளைந்ததில் தரமானது கிடைக்கும்.

மிளகோடு சேரும், மிளகாயோடு சேராது

சாப்பாட்டுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது, தமிழ்ச் சமையலுக்கும் ஷிராஸுக்கும் உள்ள உறவும் உரசலும் இங்கேதான் தெரியும்.

வெளிநாட்டுப் புத்தகங்கள் ஷிராஸுக்கு ஆட்டுக்கறி, தணலில் வாட்டிய மாட்டிறைச்சி, முதிர்ந்த பாலாடைக்கட்டி என்று எழுதும். காரணம் எளிது. கறியிலுள்ள புரதத்தோடு டேனின் ஒட்டிக்கொள்வதால் வாயை இழுப்பது குறைகிறது. உப்பு கசப்பை அடக்குகிறது. கொழுப்பு நாக்கைப் பூசி மெத்தென்று ஆக்குகிறது. கருகிய ஓரத்தின் ருசி பீப்பாயின் புகையோடு சேர்கிறது. இதே நியாயத்தை நம் அடுப்புக்குக் கொண்டுவந்தால் முதல் இடம் மிளகுக் கறிக்கு. சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, ஆட்டுக்கறியை அதன் சாற்றிலேயே சுண்டவிட்டு, கடைசியில் இடித்த மிளகைத் தூவி இறக்கியது. மிளகு புதுசாக, கொரகொரப்பாக இடித்ததாக இருக்கட்டும். கறியை மென்றுகொண்டே ஒரு வாய் ஷிராஸ் குடித்தால், கறியின் மிளகு ஒயினிலிருக்கும் மிளகை இழுத்து வெளியே கொண்டுவருவது தெரியும். தனியாகக் குடித்தபோது தெரியாத வாசனை இப்போது தெரியும்.

மிளகாய் வேறு கதை. மிளகாயிலுள்ள கேப்சைசின் வாயில் வெப்பத்தை உணரும் நரம்பு ஏற்பியைத் தூண்டுகிறது. ஆல்கஹால் அதே ஏற்பியை இன்னும் சுலபமாகத் தூண்டப்படும்படி ஆக்கிவிடுகிறது. ஆகவே ஆந்திரா மெஸ் காரத்தோடு 14 சதவீத ஒயின் சேர்ந்தால் காரம் பற்றி எரியும், துவர்ப்பு கசக்கும், பழ ருசி காணாமல் போகும். செட்டிநாட்டுச் சமையல் என்றாலே ஷிராஸ் சேரும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மிளகும் சோம்பும் தூக்கலாக இருக்கும் செட்டிநாட்டு வறுவல் சேரும். வரமிளகாயை அள்ளி அரைத்த குழம்பு சேராது.

புளியும் அப்படித்தான். புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு ஆகியவை ஒயினிலுள்ள புளிப்பை மழுங்கடித்து அதைச் சப்பென்று ஆக்கிவிடும். மீனோடு இன்னும் மோசம். சிவப்பு ஒயினும் மீனும் சேர்ந்தால் கவுச்சி வாடை கிளம்புவதற்கு ஒயினிலுள்ள இரும்புச்சத்து காரணம் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வஞ்சிரம் வறுத்த அன்று ஷிராஸைத் திறக்காதீர்கள்.

பெங்களூரில் இருப்பதன் லாபம், பக்கத்து வீட்டு அடுப்புகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. ஃபிரேசர் டவுன் மாஸ்க் ரோடு சீக் கபாப் நன்றாகச் சேரும். பச்சைச் சட்னியை அளவாகத் தொட்டுக்கொள்ளுங்கள். குடகுப் பன்றிக்கறி, அதாவது பந்தி கறி, கறுக்க வறுத்த மசாலாவும் மிளகும் கொழுப்பும் உள்ளது, மிக நன்றாகச் சேரும். கச்சம்புளியைக் கை அடக்கி ஊற்றியிருந்தால் இன்னும் நல்லது. ஆம்பூர் பிரியாணியில் வரமிளகாய் விழுது இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் கறியும் கொழுப்பும் சோறும் அதைத் தாங்கிக்கொள்ளும். கத்தரிக்காய்ப் புளிக்கூட்டை மட்டும் தள்ளி வையுங்கள்.

சைவத்தில் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். காளான் மிளகு வறுவல் கறிக்கு அடுத்தபடி. சேனைக்கிழங்கைத் தடிமனாக நறுக்கி, மிளகும் உப்பும் தடவி, தோசைக்கல்லில் ஓரம் முறுக எடுத்தால் நன்றாக இருக்கும். தணலில் சுட்ட கத்தரிக்காயின் புகை வாசனைக்கும் ஷிராஸுக்கும் நல்ல ஒட்டுதல். முந்திரியை நெய்யில் வறுத்து மிளகு தூவினால் அதுவே போதுமான துணை. சாம்பார், கூட்டு, தயிர்சாதம் எதோடும் இது சேராது.

கடையில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். கர்நாடகத்தில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்பதில்லை. நம் ஊர் வைன் ஷாப்களில் விஸ்கியும் பிராந்தியும்தான் பிரதானம், ஒயின் ஏதாவது மூலையில் நிற்கும். விளக்கு வெளிச்சத்திலும் வெயில் படும் தட்டிலும் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலை வாங்காதீர்கள். வெப்பம் ஒயினை வேகவைத்துவிடும். லேபிளில் அறுவடை ஆண்டு இருக்கிறதா பாருங்கள். சாதாரண இந்திய ஷிராஸை மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவது நல்லது. திருகு மூடி இருந்தால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், ஆஸ்திரேலியாவின் நல்ல ஒயின்கள் பல அப்படித்தான் வருகின்றன.

சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது குளிர்நாட்டு வீட்டுக்குப் பொருந்தும். ஷிராஸுக்கு 16 முதல் 18 டிகிரி ஏற்றது, பெங்களூர் வீட்டுக்குள் மார்ச் மாதத்தில் 28 டிகிரிக்கு மேல் போய்விடும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும். ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் சரியாக இருக்கும். ஐஸ் போடாதீர்கள், சோடாவும் வேண்டாம். திறந்ததும் அரை மணி நேரம் அகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைத்தால் காற்றுப் பட்டு வாசனை விரியும். அடியில் கறுப்பு வண்டல் தெரிந்தால் அது ஒயினின் சொந்த வண்டல்தான், கடைசி மடக்கை மட்டும் விட்டுவிடுங்கள்.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சை நம்பி யாரும் குடிக்கத் தொடங்க வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிப்பதில்லை என்று இருப்பவர் அப்படியே இருக்கட்டும். குடிப்பவர்கள் ருசிக்காகக் குடிக்கட்டும், கொஞ்சமாக.

முதல் பாட்டிலை வாங்கும் அன்று இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், 750 மில்லி தனி ஆளுக்கு உரியதல்ல. சாப்பாட்டுக்கு முன்னால் வெறும் வாயில் ஒரு சின்ன மடக்கு. பிறகு மிளகுக் கறி, அல்லது காளான். பிறகு மறுபடி ஒரு மடக்கு. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று ஆளுக்காள் சொல்லிப் பாருங்கள். மிளகு யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்பதும் வெளிவந்துவிடும். மீந்ததைக் கார்க்கை இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் ஆனால் குடிக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு கறி வதங்கும்போது அரை டம்ளர் ஊற்றி, வாடை போகும் வரை நன்றாகச் சுண்டவிடுங்கள்.